பத்து மணிக்கு மேல்

பகலில் போனால் அகப்படாது.
நுரையீரலின் மூலையில் எங்கோ
சுருண்டு கிடக்கும்.
கொசு எழும் நேரம் அதற்குத் தெரியும்.
ஊர் உறங்கி, நாய் அடங்கி,
பத்து மணிக்கு மேல்
விரல் நுனிவரை வந்து
காத்து நிற்கும்.

ஆகவே நாங்களும் பத்து மணிக்கு மேல்.
நான், ஓட்டுநர் ஒரேல்,
நெற்றியில் கட்டிய விளக்கு,
ஊசி, பஞ்சு, கண்ணாடித் தகடுகள்,
முந்நூறு பேரின் பட்டியல்.
லெயோகான் சமவெளியில்
கரும்புக்கு நடுவே மண்பாதை.

இரவில் வந்து இரத்தம் எடுப்பவளுக்கு
ஹெய்தியில் ஏற்கனவே ஒரு பெயர் உண்டு.
லூகாரூ.
தோலைக் கழற்றி மாட்டிவிட்டுப் பறந்து வந்து
பிள்ளைகளை உறிஞ்சுகிறவள்.
முதல் வருடம் கல் விழுந்தது.
இரண்டாம் வருடம் ஒரு சிறுமி
என் முழங்கையைக் கிள்ளிப் பார்த்தாள்,
தோல் கழல்கிறதா என்று.
இது ஆறாம் வருடம்.
தட்டுமுன் கதவு திறக்கிறது.
பாதித் தூக்கத்தில், கொட்டாவியோடு,
வட்டிக்காரனுக்குத் தருவதுபோல
விரலை நீட்டுகிறார்கள்.

புத்தகத்தில் இந்த நோய்க்கு யானையின் பெயர்.
யானையைப் பார்த்தவர் இங்கே ஒருவருமில்லை.
'பெரிய கால்' என்பார்கள், அவ்வளவுதான்.

ஜெசுலாவின் வீட்டில் விளக்கொளி
முதலில் காலில்தான் விழுந்தது,
பிறகுதான் அவள்மேல்.
பட்டியலில் இருநூற்றுப் பதினாலு.
"எழுதிக்கொள்" என்றாள்.
"இருபத்திரண்டு வருஷம்.
சந்தையில் வாழைக்காய் விற்றேன்,
காலை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டு.
வாங்க வருகிறவர்கள் குனியாதவரை
வியாபாரம் நடந்தது."

என் படிவத்தில் காலுக்குக் கட்டமில்லை.
வயது. ஆணா பெண்ணா. எந்த விரல். எத்தனை மணி.
பன்னிரண்டு நாற்பது என்று எழுதினேன்.
மூன்று சொட்டு.

மறுநாள் சாயம் ஏற்றி, கழுவி, உலர்த்தி,
நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன்.
முன்பெல்லாம் ஒரு தகட்டில் நாற்பது இருக்கும்,
அவசரத்தில் போட்ட கையெழுத்துபோல
நீல இழைகள், வளைந்து வளைந்து.
இப்போது வெறும் காகிதம்.
தகடு தகடாக வெறும் காகிதம்.

முந்நூறில் ஒன்று.
அதுவும் அவளுடையதில்லை.
ஒன்பது வயது வாண்டு,
கால் இரண்டும் கரும்புத் தோகை மாதிரி,
பந்துக்குப் பின்னால் ஓடித் திரிபவன்.
அவனுக்கு மாத்திரை இருக்கிறது, தேறிவிடுவான்.
இருநூற்றுப் பதினாலில் ஒன்றுமில்லை.
இரண்டாவது முறை பார்த்தேன்.
மூன்றாவது முறை, காப்பி ஆறிப்போகும்வரை.
குடியிருந்தது எப்போதோ செத்துவிட்டது,
கட்டிய வீட்டை
இடிக்காமல்.

தலைநகரிலிருந்து போன் வந்தது.
வரம்புக்குக் கீழே வந்துவிட்டோமாம்,
இந்த வட்டாரத்தில் மாத்திரையை நிறுத்தலாமாம்.
கேக் வெட்டினார்கள். நானும் தின்றேன்.
பொய்யில்லை அது.
என்னைக் கிள்ளிப் பார்த்தவளுக்குக்
கால் வீங்காது இனி,
அவள் பெறப்போகிற பிள்ளைக்கும்.
இரண்டாவது துண்டையும் தின்றேன்.

சனிக்கிழமை
கணக்கில் வராத நாலு கட்டி சோப்போடு போனேன்.
"உன் இரத்தத்தில் ஒன்றுமில்லை ஜெசுலா, சுத்தம்."
சிரித்தாள்.
"நல்லது. காலிடம் சொல்."

காலிடம் சொல்ல
எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை.
வாளியில் தண்ணீர் மொண்டேன்.
மடிப்பை விலக்கி, நுரை தேய்த்து,
விரலிடுக்கில் துணியைத் திரியாக்கி நுழைத்து,
ஈரம் பதுங்கும் இடமெல்லாம் ஒற்றினேன்.
வலித்தால் சொல் என்றேன். சொல்லவில்லை.
தினம் இரண்டு வேளை,
படுக்கும்போது காலுக்குத் தலையணை
என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்டது வேறு.
துறைமுகத்தில் இறக்கிக் குவிக்கிறார்களே,
அந்நிய நாட்டுப் பழஞ்செருப்பு,
அந்தக் குவியலில்
இடதுக்கு முப்பத்தெட்டு,
வலதுக்கு ஆம்பிளை அளவு, நாற்பத்தாறு,
கிடைக்குமா பார்.

நிறம் மட்டும்
ஒன்றாக இருக்கட்டும்.